ஐந்நூற்றுவர்: குழு மறைந்தது, வாணிகம் மறையவில்லை

சோழர் காலக் கடல் வாணிகம் பற்றிக் கேட்டால், 1025, இராசேந்திரன், கடாரம் என எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறோம். படையெடுப்பு எழுதியாச்சு, வாணிகம் எங்கே?

விடை: திசையாயிரத்து ஐந்நூற்றுவர். இது வெனிஸ் போலத் தனி அரசு இல்லை, வணிகக் குழு. ஆனாலும் கூடிப் பேசி முடிவெடுத்தது. தன் சரக்குக்குத் தானே மகமை விதித்துக் கோயிலுக்குக் கொடுத்தது. காவலுக்கு வீரர்களையும் வைத்திருந்தது.

ஏற்றம்: கருநாடகத்து ஐகொளெயில் வேர்விட்ட இக்குழு, ஒரே மன்னரை நம்பி இருக்கவில்லை, பல அரசுகளின் எல்லை தாண்டி வணிகம் செய்தது. சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கப்பலில் வருவோர் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது.

இறக்கம்: 1279 அளவில் சோழராட்சி முடிந்தது. 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் கல்வெட்டுகளில் குழுவின் பெயர் அருகியது.

இங்கேதான் கவனம் தேவை. ‘சோழர் வீழ்ந்ததும் தமிழர் கடல் வாணிகமும் முடிந்தது’ என்று எழுதாதீர்கள். சீனாவின் சுவான்சௌவில் இருந்த சிவன் கோயில் தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. 15ஆம் நூற்றாண்டு மலாக்காவிலும் தமிழ் வணிகர்கள் செழித்திருந்தார்கள். இந்த இரண்டு சான்றுகளையும் விடையில் சேர்த்துப் பாருங்கள். மன்னர் கதை மக்கள் வரலாறாக மாறிவிடும்.