மழைக்காலத்தில் நீச்சற்குளம்



புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால் பொம்மையார்பாளையம் என்னும் ஊர் வரும். மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். ஐப்பசி பிறக்குமுன் அவ்வுப்பளங்களில் உப்பு வாருவதை நிறுத்திவிடுவார்கள். குவித்த உப்பைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டுப் பாத்திகளை மழைக்கு விட்டுவிடுவார்கள். தை பிறந்தபின் தேங்கிய நீரை வடித்துத் தரையைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் மறு பருவம் தொடங்கும்.

இப்பகுதியில் இன்று வேறு வகையான பாத்திகளும் தோன்றியிருக்கின்றன. கடற்கரையோர வீடுகளிலும் விருந்தினர் இல்லங்களிலும் கட்டப்பட்டுள்ள நீச்சற்குளங்களைச் சொல்கிறேன். மழை மூன்று மாதமும் அவற்றில் இறங்குவார் இல்லை. அக்காலத்தில் அவற்றை எவ்வாறு மூடிவைப்பது? மிகச் சாதாரணமான வினாத்தான். ஆனால் இதற்குத் தவறான விடை கண்ட ஒரு வீட்டை நான் நேரில் பார்த்தேன்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, வெளியூரில் இருந்த வீட்டுக்காரர் ஒருவர் தம் காவற்காரரைத் தொலைபேசியில் அழைத்து, குளத்து நீர் முழுவதையும் இறைத்துவிடும்படி சொன்னார். காவற்காரர் உப்பளத்தில் வேலை செய்து பழகியவர். “தண்ணீர் இருக்கட்டுமே ஐயா” என்று சொல்லிப் பார்த்தார். காரணம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஆகவே அவர் சொல் எடுபடவில்லை. மழை விட்டபின் நான் சென்று பார்த்தபோது குளத்தின் ஒரு பக்கக் கரை தரைக்கு மேல் ஒரு சாண் எழும்பியிருந்தது. குழாய்கள் முறிந்திருந்தன, தரையில் நெடுக வெடிப்பு. பழியோ, நீரைச் சரியாக இறைக்கவில்லை என்று காவற்காரர்மேல் விழுந்தது. அவர் சொல்ல இயலாத காரணத்தை இப்பொழுது நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 48 கன மீட்டர் நீர் கொள்ளும். அதன் எடை 48 டன். சுவரும் தரையும் 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் என்றால், அந்த வெறுந்தொட்டியின் எடை ஏறத்தாழ 26 டன். வெளிப்புற அளவைக்கொண்டு பார்த்தால் இத்தொட்டி மண்ணுக்குள் அடைத்துக்கொள்ளும் இடம் 59 கன மீட்டர். இனி, மழை பெய்து நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிப்படி, அந்நீர் இத்தொட்டியை 59 டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். குளம் நிறைந்திருந்தால் அதன் மொத்த எடை 74 டன், அது அசையாது. நீரை இறைத்துவிட்டாலோ 26 டன்தான்! கான்கிரீட் தொட்டி அப்பொழுது தொட்டியன்று, கப்பல். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறவேண்டும் என்பதுகூட இல்லை. குளத்தின் அடிக்கு மேல் சுமார் 73 சென்டிமீட்டர் ஏறினாலே எடையும் உந்துவிசையும் சமமாகிவிடும். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு சிறிது துணை செய்யும் என்பது உண்மையே. ஆயினும் நீரூறிய கடற்கரை மணலின் பிடிப்பை நம்பியிருத்தல் ஆகாது. சில குளங்களின் அடியில் நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு வைப்பதுண்டு. அது மணலால் அடைபட்டிருந்தால் பயனில்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளியில் மணலை நிரப்பி, இலேசான பிளாஸ்டிக் குவளை ஒன்றை விளிம்பு வரை அதில் புதையுங்கள். பிறகு குவளைக்குள் விழாதபடி மணலில் மெல்ல நீர் ஊற்றுங்கள். வெறுங்குவளை எழும்பி வரும். நீர் நிரப்பிய குவளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இறைத்துவிடவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குளிர்நாட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே நீர் உறையும். உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். விரிந்து குழாயைப் பிளக்கும். அதனால் நீர்மட்டத்தைக் குழாய்களுக்குக் கீழே குறைத்து, காற்றைச் செலுத்திக் குழாய்களை உலர்த்திவிடுகிறார்கள். அங்கும்கூடக் குளத்தை முழுவதும் வெறுமையாக்குவது பொது வழக்கமன்று. நம் கடற்கரையில் மார்கழி இரவிலும் நீர் உறையும் குளிர் ஏது? உறைபனிக்குரிய மருந்தை மழைக்குக் கொடுப்பதில் பொருளில்லை.

நம் குளத்துக்கு உள்ள பகை வேறு, அது வெதுவெதுப்பு. கடுங்குளிரில் பாசி வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். இங்கே கார்த்திகையிலும் அது ஓங்கி வளரும். ஆகவே நாம் குளத்தை முற்றிலும் உறங்கவைக்க இயலாது, அரைத்தூக்கத்தில் வைக்கவேண்டும். மழைக்கு முன் சருகை வாரி, சுவரைத் தேய்த்து, மணல் வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவவேண்டும். குளோரின் மருந்தை மாலை வேளையில் இடுவது நலம்; பகலில் இட்டால் வெயில் அதைச் சிதைத்துவிடும். நீரின் பி.எச். எண்ணையும் பார்க்கவேண்டும். 7.5 அளவில் குளோரினில் ஏறத்தாழப் பாதி கிருமிகளைக் கொல்லும் வலிய வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குக்கும் குறைந்துவிடும். எனவே 7.2 முதல் 7.6 வரை வைத்திருப்பது நன்று. அதற்குச் சிறிது அமிலம் தேவைப்படலாம். ஆனால் பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒரே வாளியில் கலக்கக்கூடாது. எழும் நச்சுவாயு நுரையீரலை அழிக்கும். இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எச்சரித்தவன் நான். இங்கும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மழைநீர் தூயது, அது குளத்துக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். 40 சென்டிமீட்டர் மழை நாம் கூறிய குளத்தில் 12,800 லிட்டர் நீரைச் சேர்க்கும். குளத்தின் கொள்ளளவில் அது கால் பங்குக்கு மேல். மருந்து அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். அன்றியும் மழைநீர் சற்று அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்புச் சத்து இல்லாதது. அச்சத்தைச் சிமெண்டுப் பூச்சிலிருந்தும் ஓட்டு இடுக்குகளிலிருந்தும் அரித்து எடுத்துக்கொள்ளும். ஆகவே பெருமழைக்குப் பிறகு வழக்கமான மட்டம் வரை மட்டும் நீரைக் குறைத்து, மீண்டும் சோதித்து மருந்திடவேண்டும். மோட்டாரை நாள்தோறும் சில மணி நேரம் ஓட்டவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மின்னிணைப்பைத் துண்டித்துவிடவேண்டும்.

மேலே தார்ப்பாய் விரிப்பது பற்றி ஒரு சொல். தார்ப்பாயின் தொய்வில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளியேறிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனினும் கொடியது, விளையாடி வரும் குழந்தை அதைத் தரை என்று எண்ணிக் கால் வைப்பது. எனவே இழுத்துக் கட்டிய வலையும், பூட்டுள்ள வேலியும் எனக்கு மேலானவையாகத் தோன்றுகின்றன. நிறைந்த குளத்தை வேலியின்றி விட்டுவைப்பதை எவ்வகையிலும் ஒப்ப முடியாது.

பழுதுபார்க்கக் குளத்தை வெறுமையாக்கியே தீரவேண்டிய சமயமும் வரும். அதற்கு உரியது சித்திரை, வைகாசி. அப்பொழுதும் முதலில் அருகிலுள்ள கிணற்றை எட்டிப் பார்க்கவேண்டும். கிணற்று நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு நன்கு கீழே இருந்தால் இறைக்கலாம். நான் சொன்ன வீட்டுக் கிணற்றில் அந்தப் புயலுக்கு மறுவாரம் நீர் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. காவற்காரர் அதைச் சுட்டிக்காட்டினார். அவர்மேல் சுமத்திய பழியை வீட்டுக்காரர் திரும்பப் பெற்றுக்கொண்டது, மேற்சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி நான் அனுப்பிய பிறகுதான்.