ஆழாக்கும் படியும்: இன்டர்நெட் வேகக் கணக்கு



பருப்பு வாங்கும்போது கிலோவா, மூட்டையா என்று கேட்காமல் நாம் விலை பேசுவதில்லை. இன்டர்நெட் லைன் வாங்கும்போது மட்டும் எண்ணைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். இதில் நஷ்டப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் லைனில் மோடம் மாட்டி இணைக்க வேண்டும். ஆரம்ப வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். பிறகு 28.8, 33.6 என்று உயர்ந்து, 56 வரை வந்தது.

1998-ல் தி.நகர் கடைக்கு 33.6 மோடம் வாங்கினேன். மும்பையிலிருந்து 600 கிலோபைட் விலைப் பட்டியல் வந்தது. 600-ஐ 33.6-ஆல் வகுத்து, 18 விநாடியில் முடியும் என்று நினைத்தேன். ஆறு நிமிடம் தாண்டியது. அதுவரை டெலிபோன் என்கேஜ்டு. மயிலாப்பூர் ஹோட்டல்காரர் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, துவரம்பருப்பு ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

தவறு என் கணக்கில்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று நம் பெரியவர்கள் அளந்தார்கள் அல்லவா? அதுபோல எட்டு பிட் ஒரு பைட். லைன் வேகத்தை ஆழாக்கில் சொல்வார்கள், ஃபைல் அளவைப் படியில் சொல்வார்கள். 33.6-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.2 கிலோபைட்தான். அந்தக் கணக்கிலேயே இரண்டரை நிமிடம் ஆகும். மழை நாளில் லைனில் இரைச்சல் இருந்தால் மோடம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அன்று மழை.

மோடம் போய்விட்டது, கணக்கு மாறவில்லை. இன்று 100 மெகாபிட் லைன் என்றால், அதிகபட்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட். ஆகவே லைன் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, அனுப்பும் வேகம் எவ்வளவு? 56 மோடத்திலேயே வருவது 56, போவது 33.6 தான். கடை கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அனுப்பும் வேகமே முக்கியம். ஒரு கேமராவுக்குச் சுமார் 2 முதல் 4 மெகாபிட் தேவைப்படும்.

இரண்டு, மாத அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும்?

மூன்று, லைன் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள்? பில் போடவும் யுபிஐ பணம் வாங்கவும் பெரிய வேகம் வேண்டாம். லைன் அறுபடாமல் இருந்தால் போதும்.

அளவு தெரிந்து வாங்குவது நம் தொழில் தர்மம். லைனுக்கும் அதுவே பொருந்தும்.