ஆடையும் வியாபாரமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். வணிகர்களாகிய நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, கடைக்குள் வேலை செய்பவர் உடுத்துவது பற்றியது. மற்றொன்று, கடைக்கு வருபவர் உடுத்துவது பற்றியது.

முதல் பாடம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக் கடைகளுக்கும் சரக்கு அனுப்புகிறோம். ஆர்டர் எடுக்க ஒரு பையனை அனுப்பி வந்தோம். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால், கடை வாசலிலேயே தயங்கி நிற்பானாம். பிறகுதான் கவனித்தோம், சட்டையின் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுகிறான்! இரண்டு சட்டையும், மலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த வாரம் பழைய பாக்கியையும் கேட்டு வசூலித்து வந்தான்.

2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதையொட்டியதே. வெள்ளைக் கோட்டை 'டாக்டர் கோட்' என்று சொல்லி அணிவித்தபோது, அதையே 'ஓவியர் கோட்' என்று நினைத்து அணிந்தவர்களைவிடக் கூர்ந்து கவனித்தார்களாம். ஆனால், அந்த ஆய்வின் ஒரு பகுதியை 2019இல் வேறு சிலர் திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஆடை மந்திரமல்ல. கெட்டிக்காரனின் கூச்சத்தைப் போக்கும், கெட்டிக்காரத்தனத்தைக் கொடுக்காது.

இரண்டாவது பாடம் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தை மாதம், பழைய ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "இங்கே சில்லறை வியாபாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டோம். அவரோ தம் ஊர்க் கடைக்கு மூட்டைக் கணக்கில் சரக்கெடுக்க வந்தவர்! எதிர்க்கடையில் பில் போட்டார். இன்றும் அங்கேதான் வாங்குகிறார். சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளைவிப்பவர் தோட்டத்து மண்ணோடுதான் வருவார். மண்ணைப் பார்த்து மடியை எடை போடலாமா?

2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, வேட்டிக்குத் தடை போடக் கூடாதென்று சட்டசபை சட்டம் இயற்றியது. நம் கடைக்குச் சட்டம் வேண்டாம், மனம் போதும்.

தீபாவளித் துணியோடு நிற்காமல், ஆண்டுக்கு இரண்டு வேலைச் சட்டைகள் கொடுப்போம். சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். மூட்டை தூக்குபவருக்கு அழுக்குத் தாங்கும் தளர்வான பருத்தியே ஏற்றது. வருபவர் எதை உடுத்தியிருந்தாலும், முதல் சொல் "வாங்க" என்றே இருக்கட்டும்.