சின்ன மாத்திரையை ஏன் ஐந்து வருடம் விழுங்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்குத் திரும்பும் பெண்கள் பலரிடம் டமொக்சிபென் என்ற மாத்திரை இருக்கும். நாளுக்கு ஒன்று, ஐந்து வருடம். சிலருக்குப் பத்து வருடம். "கட்டிய வெட்டி எடுத்தாச்சி, இன்னும் எதுக்கு மருந்து?" என்று லயங்களில் கேட்கிறார்கள். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும். ஆகவே கேள்வி நியாயமானதே. அதற்கான பதில் எமது உடற்கலத்துக்குள் இருக்கிறது.

கலம் ஒவ்வொன்றிலும் பரம்பரையலகுகள் என்ற கட்டளைகள் உள்ளன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் வந்து, கலத்தினுள் இருக்கும் 'வாங்கி' என்ற புரதத்தில் பொருந்தினால் சில கட்டளைகள் விழிக்கும். 'பெருகு' என்பதும் அவற்றில் ஒன்று. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வாங்கியைக் கொண்டவை.

வாங்கிக்கு ஒரு துணையாளும் உண்டு. அது கல்மொடியூலின் என்ற சிறு புரதம். கல்சியத்தைப் பிடித்ததும் அதன் உருவம் மாறும். பிறகு மற்றப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். அது வாங்கியோடு ஒட்டி, வாங்கி சிதைந்துபோகாமல் காக்கிறது என்பதை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் காட்டினார்கள். கல்மொடியூலினைத் தடுத்தபோது வாங்கி குறைந்தது, அது எழுப்பும் கட்டளைகளும் அடங்கின. ஆனால் கல்சியத்தைப் பிடிக்கும் எல்லாப் புரதமும் ஒரே பக்கம் நிற்பதில்லை. கல்ரெட்டிகியூலின் என்ற இன்னொன்று ஓமோன் வாங்கிகளின் வேலையைத் தடுப்பதாக 1994இல் கண்டார்கள்.

இதை வாசித்துவிட்டுப் பாலையும் நெத்தலியையும் நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே! கலத்துக்குள் உலவும் கல்சியம் வெளியே உள்ளதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. அதைக் கலமே கட்டுப்படுத்துகிறது. நாம் குடிக்கும் ஒரு கோப்பைப் பால் அதை மாற்றாது. உணவில் கல்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பை மெலிவாக்கும். வைத்தியர் கல்சிய மாத்திரை தந்திருந்தால் அது அதற்காகத்தான்.

டமொக்சிபென் செய்வது வேறு வேலை. ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1973இல் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்த பழைய மருந்து இது, விலையும் அதிகமில்லை. வாங்கி உள்ளவர்கள் ஐந்து வருடம் எடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. இடையில் விட்டால் அந்த இடம் காலியாகிவிடும். எங்காவது எஞ்சியிருக்கும் ஒரு கலத்துக்குக் கட்டளை மறுபடி கேட்கும். வாங்கி இல்லாத புற்றுநோய்க்கு இம்மாத்திரை பயன்படாது. எனவே "எனக்கு வாங்கி இருக்கிறதா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

அந்தப் பதில் எழுதிய அறிக்கையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். இடப்பெயர்வில் கிளினிக் புத்தகத்தைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடம்பு திடீரென அனல்போலக் காய்வதும் வியர்ப்பதும் இம்மாத்திரையால் வரலாம். பயப்பட வேண்டாம், ஆனால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு அடைத்தால், மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் கிளினிக் திகதிவரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாத்திரை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது; குடும்பநல உத்தியோகத்தரிடம் ஓமோன் இல்லாத கருத்தடை முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.