செருப்பு கேட்கும் சாமியும் சிறகு முளைத்த காதலனும்

ஆடி வெள்ளிக்கிழமை ராத்திரி. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டு மொட்டை மாடி. இரண்டு தெரு தள்ளிச் சுடலைமாடன் கோயிலில் கொடை. குழாய் ஸ்பீக்கரில் வில்லுப்பாட்டு. அண்ணாவி ஒரு அடியை இழுத்துப் பாட, பக்கத்தில் ஒருவர் ‘ஆமா’ போட, குடத்தின் வாயில் பனைமட்டைப் பத்தி விழும் சத்தம் மாடிவரை வந்து அதிர்ந்தது. அது எதுவும் காதில் ஏறாதவளாக, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அண்ணன் மகள், செல்போன் வெளிச்சத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, என்ன புஸ்தகம் அது?”

“பேய்க்கும் தேவதூதனுக்கும் லவ் அத்தை. நீங்கல்லாம் படிக்க மாட்டிய.”

மாட்டிய என்றதும் ரோஷம் வந்து வாங்கிப் படித்தேன். இரண்டு ராத்திரியில் முடிந்தது. அடுத்த வாரமே அவள் அலமாரியிலிருந்து அதே ஜாதிப் புத்தகம் இன்னும் நாலைந்து இறங்கிவிட்டது. இப்போது கேட்டால், பிடித்ததா இல்லையா என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. சில பக்கங்களில் சோற்றை மறந்தேன். சில பக்கங்களில் புத்தகத்தைச் சுவரில் வீசியிருப்பேன்; இரவல் புத்தகம், கை நின்றது.

2005-ல் ‘ட்வைலைட்’ நாவல் ரத்தக்காட்டேரியைக் காதலனாக்கிக் கோடிக்கணக்கில் விற்ற பிறகு, பதிப்பாளர்கள் அடுத்த காதலனைத் தேடினார்கள். விவிலியத்தில் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்திலேயே ஒருவன் காத்திருந்தான். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைக் கண்டு மயங்கியதாக அங்கே ஒரு துணுக்கு இருக்கிறது. அந்தத் துணுக்கை விரித்துச் சொல்வது ஏனோக்கின் நூல். விவிலியத்தில் அதற்குப் பெரும்பாலான சபைகள் இடம் தரவில்லை. முழு நூலும் எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில்தான் தப்பிப் பிழைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சங்கதிதான் 2007-ல் கசாண்ட்ரா கிளேரின் ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’, 2009-ல் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ‘ஹஷ், ஹஷ்’, அதே ஆண்டில் லாரன் கேட்டின் ‘ஃபாலன்’ என்று அட்டையில் கறுப்புச் சிறகோடும் கவுனோடும் கடைக்கு வந்தது.

‘ஹஷ், ஹஷ்’ஷில் நாயகியின் பள்ளிக்கூடத்தில், உயிரியல் வகுப்பில், அவள் பக்கத்திலேயே வந்து உட்காருகிறான் ஒருவன். விண்ணிலிருந்து தள்ளப்பட்ட தூதன். அவளைப் பலி கொடுத்தால் தான் மனிதனாகலாம் என்ற கணக்கோடு வந்தவன். கடைசியில் மனம் மாறிக் கொல்லாமல் விடுகிறான். கொல்ல வந்தவன் கொல்லாமல் விட்டதைக் காதல் என்று பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சொல்லித்தருவது எந்த ஊர் நியாயம்? நம் சினிமாவில் கதாநாயகியின் பின்னாலேயே அலைகிறவனுக்குச் சிறகு ஒட்டினால் இவன்தான்.

ஆனால் அண்ணன் மகள் முதலில் தந்த புத்தகம் வேறு தரம். லைனி டெய்லரின் ‘டாட்டர் ஆஃப் ஸ்மோக் அண்ட் போன்’. 2011-ல் வந்தது, பின்னால் இன்னும் இரண்டு பாகங்கள். பிராக் நகரத்தில் ஓவியம் படிக்கும் காரூ என்ற நீலமுடிக்காரி. அவளை வளர்த்தவன் பிரிம்ஸ்டோன். மனித உடம்பும் ஆட்டுக்கிடாக் கொம்புமாக இருப்பவன், பல் வாங்கி வரம் விற்கும் வியாபாரி. பல் எதற்கு என்பது கதையின் முடிச்சு, சொல்லமாட்டேன். அழகன்களான தூதர்களுக்கும் மிருகக்கலப்பு உடம்புள்ள இவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. இதில் யார் தேவர், யார் அசுரர் என்பது யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொம்புள்ளவன் பெற்ற தகப்பனைப் போலப் பாசம் காட்டுகிறான்; சிறகுள்ளவன் ஊரைக் கொளுத்துகிறான். இந்த இடத்தில்தான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது.

காரணம், இந்தத் தேவதூதன்–பேய் கணக்கு தாமிரபரணிக்கரைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த கணக்கு. ராபர்ட் கால்டுவெல் 1838-ல் சென்னையில் இறங்கி, 1841-ல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டு இந்த மண்ணிலேயே இருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த அதே மனிதர்தான், அதற்கு முன் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இங்குள்ள கொடையையும் சாமியாட்டத்தையும் ‘டெவில்’ வழிபாடு என்று எழுதினார். அந்தப் புத்தகம் பின்னாளில் அந்தச் சமூகத்தின் கோபத்தைச் சம்பாதித்தது தனிக்கதை. மாடனும் இசக்கியும் ‘டெவில்’ ஆகிவிட்டால், எதிர்த்தட்டில் வைக்க ஒரு ‘ஏஞ்சல்’ வேண்டாமா? கத்தோலிக்க வீட்டு ஆச்சிகளுக்கு அவர் ‘சம்மனசு’. பிள்ளை தொட்டிலிலிருந்து விழுந்து அடிபடாமல் தப்பினால் ‘காவல் சம்மனசு தாங்கிட்டாரு’ என்பார்கள். இப்போது ‘வானதூதர்’ என்று மாற்றிவிட்டார்கள். சம்மனசு என்ற சொல்லில் இருந்த வீட்டு வாசனை அதில் இல்லை.

தேவதூதரையும் பிசாசையும் நெல்லைத் தமிழில் பெரிய அளவில் நடமாடவிட்டவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணப் பிள்ளை. 1827-ல் கரையிருப்பில் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்து, முப்பது வயதுக்குமேல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் பயணக் கதையை எடுத்து, கம்பனில் ஊறிய நாக்கோடு ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கினார். 1894-ல் வெளிவந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். என் மருமகள் படிக்கும் சரக்குக்கு இந்த ஜில்லாவில் மூத்த பாட்டன் அவர்தான் என்று சொன்னேன். “அதுல லவ் இருக்கா?” என்றாள். இல்லை. அங்கே ஒளி ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம். நடுவில் ஒற்றையடிப் பாதை.

வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாகுபாடே கிடையாது. அவர்கள் கதைகளைப் பிரிப்பது வேறு விதம். கைலாயத்தில் பிறந்து பூமிக்கு இறங்கிய சாமி ஒரு வகை. நம்மைப்போல் ஊரில் பிறந்து, அநியாயமாக வெட்டுப்பட்டோ தூக்கில் தொங்கியோ செத்து, அடங்காமல் எழுந்து நின்று சாமியானது இன்னொரு வகை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தென்கோடியில் தங்கி, 1988-ல் வெளியிட்ட தன் புத்தகத்துக்குப் பெயரே பிறப்பையும் இறப்பையும் வைத்துத்தான் வைத்தார். நல்லது கெட்டது என்ற பேச்சு அந்தப் பிரிவினையில் இல்லை. இசக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்காகக் கொன்றவனைத் தேடிவந்து பழிதீர்த்த பேய் அவள். அவள் கோயிலில்தான் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். சிலையிலும் ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும், இன்னொரு பிள்ளை வாயில்.

சுடலை பிறந்தது கைலாயத்தில், விளக்குச் சுடரில். தாய் பார்வதி. ராத்திரி எழுந்துபோய்ச் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்த பிள்ளையை, இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று பூமிக்கு அனுப்பினார்கள். மேலே இருந்து தள்ளப்பட்டவன்தான் அவனும்! அமெரிக்காக்காரி எழுதினால் அவனுக்குத் தோல் ஜாக்கெட் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பாள். நாம் கச்சையும் குல்லாயும் போட்டு, கையில் வல்லயமும் தீப்பந்தமும் கொடுத்து, ஊர் எல்லையில் காவலுக்கு நிறுத்தினோம். கொடையன்று நடுச்சாமத்தில் சாமியாடும் கோமரத்தாடி பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்கு ஓடும்போது தெருவில் ஒரு கதவு திறந்திருக்காது. காலையில் அதே ஆள் திருநீறு போட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

இதையெல்லாம் இன்னொரு கொடை ராத்திரியில் மாடியில் உட்கார்ந்து கொஞ்சம் பெருமையாகத்தான் அண்ணன் மகளுக்குச் சொன்னேன். அவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சதை நாம எப்பவோ பாடியாச்சு என்ற தோரணை. அவள் நாவலை மூடி வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினாள். அங்கே கதை மலையாள நாட்டுக்குப் போயிருந்தது. மந்திரவாதி காளிப்புலையன் மாடனைக் கட்டப் பார்க்கிறான். மாடன் அவன் மகள் மாவிசக்கியைக் கெடுக்கிறான். பிறகு சமாதானம் பேசவரும் தகப்பனிடம், நிறைசூலியான அந்த மகளையே பலியாகக் கேட்கிறான்.

“அவ என்ன செஞ்சா அத்தை?”

“யாரு?”

“அந்தப் பொண்ணு. அவ ஏதாவது சொன்னாளா?”

நான் கேட்ட பாடங்களில் அவள் அழுகிறாள், மன்றாடுகிறாள். கதை அவளுக்காக நிற்பதில்லை. அவளைத் தாண்டி மாடனின் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. ‘ஹஷ், ஹஷ்’ நாயகனைத் திட்டிய வாயால் இதற்கு என்ன சொல்வது? சாமி கதை என்று மழுப்பினேன். “காரூவா இருந்தா கேட்டிருப்பா,” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி புத்தகத்தைத் திறந்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு புள்ளி அவளுக்கு.

எனக்கு இந்த நாவல்களில் ஆறாத குறை வேறொன்று. பிறப்புக்கணக்கு. சாதாரணப் பெண் ஒருத்தி, வேறு உலகத்து ஆணைக் காதலிக்கிறாள் என்று ஆரம்பிப்பார்கள். பாதிக்கு மேல் போனால் அவள் சாதாரணப் பெண்ணே இல்லை. ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ கிளேரிக்குத் தூதரின் ரத்தம். ‘ஹஷ், ஹஷ்’ நோராவுக்கும் வம்சத்தில் தூதக்கலப்பு. ‘ஃபாலன்’ லூஸ் பிறவிதோறும் செத்துப் பிறந்துகொண்டிருப்பவள். வேலியைத் தாண்டிவிட்டார்கள் என்று நாம் கைதட்டும்போதே, பின்னாலிருந்து ஒருவர் வந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.

இந்த வேலையை நாமும் செய்திருக்கிறோம். முத்துப்பட்டன் கதையில்.

பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன் காட்டுவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையைப் பார்க்கிறான். அவர்கள் தகப்பன் தோல்வேலை செய்யும் அருந்ததியர் குடியைச் சேர்ந்த வாலப்பகடை. பெண் கேட்டு வந்தவனிடம் அவர் போட்ட நிபந்தனை: குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தை. எல்லாவற்றையும் செய்துவிட்டு வருகிறான். கட்டிக்கொடுக்கிறார்கள். மாமன் கிடையைக் காக்கப் போன இடத்தில் மாடு திருட வந்தவர்கள் கையால் வெட்டுப்பட்டுச் சாகிறான். இரண்டு பெண்களும் அவன் சிதையில் இறங்குகிறார்கள். நான்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) ‘ஆராய்ச்சி’ இதழும் நெல்லை ஆய்வுக் குழுவும் நடத்திய காலத்தில் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். பின்னால் வந்த பாடங்களில் நடந்த ஒரு திருத்தத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகளாம். காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்!

யாருக்கோ பொறுக்கவில்லை. கதையை அழிக்க முடியாது. ஜனங்கள் கொடைக்குக் கொடை கேட்கிறார்கள். அதனால் ரத்தத்தை மாற்றினார்கள். நியூயார்க்கில் கிளேரிக்கு நடந்ததும் பொதிகை அடிவாரத்தில் பொம்மக்காவுக்கு நடந்ததும் ஒன்றுதான் என்றபோது, என் மருமகள் புத்தகத்தை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “காரூவும் அப்படித்தானே?” என்று நானே மடக்கினேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இல்ல அத்தை. அவ யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் இன்னும் தூரமாகுது. அவன் தூதன், அவ அந்தப் பக்கத்து ஆளு. ரத்தம் சேரல. சேராமலே இருக்கட்டும்னு அந்தம்மா விட்டுட்டா.” அது சரிதான். அந்தப் புத்தகத்தை நான் சுவரில் வீச நினைக்காததற்குக் காரணம் எனக்கே அவள் சொன்ன பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் பாகம் மட்டும் எனக்குச் சவசவ என்றிருந்தது. புதிது புதிதாக உலகங்களையும் ஆட்களையும் இறக்கி, கூட்டம் தாங்கவில்லை. அதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

ஆடி அமாவாசைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அவளைச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டில், தாமிரபரணி பாறையில் மோதி இறங்கும் இடம். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டித்தான் ஏற வேண்டும். அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காரும் வழக்கம் இருந்த கோயில். அங்கே பட்டவராயன் என்ற பெயரில் பொம்மக்கா, திம்மக்காவோடு நிற்பவன் நம்ம முத்துப்பட்டன்தான். அவனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்புத் தைத்துக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். ராத்திரி அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறான், அதனால்தான் தொங்குகிற செருப்பு தேய்கிறது என்பது நம்பிக்கை.

சின்னதும் பெரிதுமாக வரிசையாகத் தொங்கின. மழையில் நனைந்து, விறைத்து, சிலதில் பாசி. அவள் எட்டி ஒரு சோடியைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள். குதிகால் ஓரத்தில் தேய்ந்திருந்தது. இன்னொன்றையும் புரட்டினாள்.

“வலது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரு போல அத்தை,” என்றாள்.