முதலில் உள்ளூர், பிறகு வெளியூர்

பொதுநலத்துக்காகத் தொழில் தொடங்குவோர் முதலில் உள்ளூருக்கு உதவ வேண்டுமா?

தூத்துக்குடியில் 1921ஆம் ஆண்டு நாடார் வணிகர்கள் தம் சமூகத்தாருக்கு உதவ ஒரு வங்கி தொடங்கினர். 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய அது, இன்று 500க்கும் மேற்பட்ட கிளைகளில் எல்லாருக்கும் கடன் தருகிறது.

தெரிந்தவருக்குக் கொடுத்தால் அவரது நாணயம் தெரியும், வசூல் எளிது. ஆனால் ஒரே ஊர், ஒரே தொழில் என்று நின்றுவிடக் கூடாது. மழை பொய்த்தால் மானாவாரி உழவர் அனைவரும் ஒருசேரத் தவணை தவறுவர். உப்பளத்தாருக்கோ வெயில்தான் விளைச்சல், மழை நட்டம்.

ஆகவே கடன் சங்கம் அமைப்போர் முதலில் உள்ளூரில் வேரூன்றுங்கள். கணக்கு வழக்கு சீரானதும் பக்கத்து ஊராரையும் பிற தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் நொடித்தபோது மற்றவர் தாங்குவார்.