டிரெய்லரின் பின்னால் ஒரு கேரியர்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வண்டிகள் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லருக்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், சேறு படிந்த மிதிவண்டி ஆகியவற்றைத்தான் படுத்துறங்கும் இடத்தில் வைக்க முடியாது. அவற்றுக்காகப் பலர் டிரெய்லரின் பின்புறத்தில் இரும்பு அல்லது அலுமினியக் கேரியர் ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது பம்பர். பெரும்பாலான டிரெய்லர்களில் அது 4 அங்குலச் சதுரக் குழாய்; தகடு மெல்லியது. கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைக்கவும், மிஞ்சிப்போனால் ஸ்டெப்னி டயரைத் தாங்கவும்தான் அது போதும். கேரியரின் சுமை பம்பரைத் தாண்டி வெளியே தொங்குவதால், ஒவ்வொரு குழியிலும் குழாயை முறுக்குகிறது. நாளடைவில் வெல்டிங் விரிசல் விட்டு, பம்பரும் கேரியரும் சாமானும் சேர்ந்தே சாலையில் விழலாம். பின்னால் வருபவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், வெறும் பம்பரில் கேரியரை மாட்டாமல் இருப்பதே சரி.

நம்பகமான வழி, சேஸியின் இரு நீளச் சட்டங்களையும் இணைத்து ரிசீவர் என்ற செருகு குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் கேரியரைச் செருகுவது. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிட்டால் அதன் வலு குறையும். எனவே எங்கே துளையிடலாம், எங்கே வெல்டிங் வைக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டறிய வேண்டும். கேரியரும் டிரெய்லருக்கென்றே தயாரானதாக இருப்பது முக்கியம். காரைவிட டிரெய்லரின் பின்முனை மிக அதிகமாகத் துள்ளும். காருக்கான மிதிவண்டித் தாங்கிகள் பல அதைத் தாங்குவதில்லை.

இரும்பு வேலை சரியாக அமைந்தாலும் பாரத்தின் கணக்கு மிச்சமிருக்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்புவதுபோல, இங்கே டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மீதுள்ள முன்பாரம் குறைகிறது. கொக்கியிலிருந்து அச்சு 5 மீட்டர், அச்சிலிருந்து கேரியர் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ சுமை முன்பாரத்தில் 42 கிலோவைக் குறைத்துவிடும். அச்சின் மீதோ 102 கிலோ கூடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது இருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. 2,500 கிலோ டிரெய்லரில் 270 கிலோவாக இருந்த முன்பாரம் 228 ஆகும்போது, 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் வேகமாகச் சென்றாலோ பெரிய லாரி கடந்துபோனாலோ டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

முன்புறத்திலும் அதற்கு ஈடாகச் சாமான் ஏற்றினால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும். ஆனால் இரு முனைகளிலும் கனம் சேர்ந்த டிரெய்லர் ஆடத் தொடங்கினால் எளிதில் அடங்காது. ஆகவே கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னே, தரையோரமாக வைத்து, மடக்கு நாற்காலி போன்ற இலேசானவற்றைக் கேரியருக்கு ஒதுக்குவதே நல்லது. சுமார் 21 கிலோ எடையுள்ள சிறிய ஜெனரேட்டரைக்கூட முடிந்தால் பிக்கப்பின் தொட்டியிலேயே ஏற்றலாம்.

சாமான் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது அவசியம். இழுக்கும் வண்டியைத் தனியாக ஒருமுறையும், டிரெய்லரைப் பூட்டிய பின் அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க மறுமுறையும் எடை போட்டால், இரண்டுக்குமுள்ள வித்தியாசமே முன்பாரம். அச்சுக்கும் டயருக்கும் குறித்த வரம்பு தாண்டக் கூடாது. பின்விளக்குகளையும் எண் பலகையையும் சாமான் மறைக்கக் கூடாது. போல்ட்டுகளையும் வெல்டிங்கையும் முதல் சில நூறு கிலோமீட்டரிலும், பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்த்துவிட வேண்டும்.